கோட் எடிற்றரை நமக்கேற்ப மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் வார இறுதிகளில் என்னிடம் நிரலாக்கம் படிக்க வரும் மாணவர்களின் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை 4 ஜீபீ றாம் உள்ள பழையவை; அண்ணனோ அக்காவோ படித்து முடித்துவிட்டுக் கொடுத்தவை. சில மாதங்களுக்கு முன், மல்லாவியிலிருந்து வரும் ஒரு மாணவன், "சேர், எழுத்தைத் தட்டினால் கொஞ்சம் கழிச்சுத்தான் திரையில வருது, கொம்பியூட்டரை மாத்த வேணும் போல" என்று சொன்னான். திறந்து பார்த்தேன். நிரல் எழுதுவதற்கு அவன் பயன்படுத்தும் வி.எஸ். கோட் எடிற்றரில், கூடுதல் வசதிகளுக்காகச் சேர்க்கப்படும் நீட்சிகள் 43 இருந்தன. பைதன் நிரலை ஒழுங்குபடுத்துவதற்கு மட்டும் மூன்று இருந்தன. அவற்றில் 31ஐ நிறுத்திய பிறகு அதே கணினியில் அவன் இன்றுவரை வேலை செய்கிறான்.

எக்ஸ்டென்ஷன், பிளகின், பக்கேஜ் என்று ஒவ்வோர் எடிற்றரும் ஒவ்வொரு பெயர் சொன்னாலும் இங்கே எல்லாவற்றையும் நீட்சி என்றே எழுதுகிறேன். எடிற்றரில் ஒரு நீட்சியைச் சேர்ப்பது என்பது நம் கணினியில் நமக்குள்ள எல்லா உரிமைகளுடனும் ஓடுகின்ற இன்னொரு மென்பொருளைச் சேர்ப்பதாகும். அது எப்போது விழித்துக்கொள்கிறது, எதைத் தொடுகிறது, யார் எழுதியது என்ற மூன்று கேள்விகளைக் கேளாமல் சேர்ப்பதிலிருந்துதான் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

எடிற்றரிலேயே இருக்கும் வசதிக்கு நீட்சி தேடுவது முதலாவது தவறு. அடைப்புக்குறிச் சோடிகளுக்கு நிறம் தரும் நீட்சியை இன்றும் பழைய வீடியோக்களைப் பார்த்துப் பலர் நிறுவுகிறார்கள். அந்த வசதி 2021 ஓகஸ்ட் பதிப்பிலேயே வி.எஸ். கோட்டுக்குள் சேர்ந்துவிட்டது, நீட்சியாக இருந்தபோது பெரிய கோப்புகளில் மிகவும் தாமதித்த வேலையை உள்ளே இருக்கும் வசதி கண நேரத்தில் முடிக்கிறது. நீட்சியைத் தேடுவதற்கு முன்பு, அமைப்புகள் பக்கத்தின் தேடல் பெட்டியில் நமக்கு வேண்டியதன் பெயரைத் தட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஃபோன் டேட்டாவில் இணையம் பார்க்கும் மாணவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் பணமும்தான். நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்வதையும் அமைப்புகளில் நிறுத்திவைக்கலாம். ஆனால் நிறுத்தியவர்கள் நல்ல இணைப்புக் கிடைக்கும் நாளில் மறவாமல் கையால் புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களும் அந்தப் புதுப்பித்தல்களின் வழியாகவே வருகின்றன.

மல்லாவி மாணவனின் கணினி ஏன் தடுமாறியது என்பதைச் சற்று விளக்க வேண்டும். வி.எஸ். கோட்டில் நீட்சிகள் எடிற்றரின் திரைப் பகுதியோடு சேர்ந்து ஓடுவதில்லை; அவற்றுக்கென ஒரு தனிச் செயல்முறை உண்டு. ஆகவே ஒரு நீட்சி திணறினால் தட்டச்சு நேரடியாக நிற்காது; சொல் முடிப்பும் பிழை காட்டுவதும் கோப்பைச் சேமிப்பதுமே தாமதிக்கும். ஆனால் மொழிக்கான நீட்சிகள் பல, பின்னணியில் இன்னும் சில செயல்முறைகளைத் தொடக்குகின்றன. 4 ஜீபீ றாமில் பிரௌசரும் திறந்திருந்தால் நினைவகம் நிரம்பிவிடுகிறது. அதன்பின் விண்டோஸ் நினைவகத்தில் உள்ளவற்றை ஹார்ட்டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி எழுதத் தொடங்க, கணினி முழுவதுமே தளர்ந்துபோகிறது.

நன்றாக எழுதப்பட்ட நீட்சி, தனக்குரிய கோப்பு திறக்கப்படும்போதுதான் விழிக்கும். பைதன் நீட்சிக்குப் பைதன் கோப்பு வேண்டும். சில நீட்சிகளோ தம் விவரக் கோப்பில் விழிப்பு நிகழ்வாக ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டிருக்கும். எடிற்றர் திறக்கும் ஒவ்வொரு முறையும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனேயே என்னை எழுப்பு என்பது அதன் பொருள். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், இப்போது எவை ஓடுகின்றன, ஒவ்வொன்றும் விழிக்க எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்ற பட்டியல் வரும். அதைப் பார்க்காமல் கணினியைக் குறை சொல்லக் கூடாது. இணையப் பக்க வேலைக்கு ஒரு தொகுதி, பைதனுக்கு ஒரு தொகுதி என நீட்சிகளைப் பிரித்துவைக்க 2023இன் தொடக்கத்திலிருந்து ‘புரொஃபைல்’ என்ற வசதியும் உண்டு.

ஒரே வேலையை இரண்டு நீட்சிகளிடம் ஒப்படைப்பது இன்னொரு தவறு. இதன் விளைவு குழுவாக வேலை செய்யும்போதுதான் முழுமையாகத் தெரியும். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைக் காட்டும் ஓர் இணையப் பக்கத்தைச் சென்ற ஆண்டு ஐந்து மாணவர்கள் பயிற்சிக்காகச் சேர்ந்து எழுதினார்கள். ஒருவர் ஒரே ஒரு வரியைத் திருத்திச் சேமித்தார். கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிற் என்ற மென்பொருள், 600க்கும் மேற்பட்ட வரிகள் மாறியதாகக் காட்டியது. அவருடைய எடிற்றரில் இருந்த ஒழுங்காக்கி (நிரலின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் நீட்சி), சேமிக்கும்போதே ஒற்றை மேற்கோள் குறிகளையெல்லாம் இரட்டையாக்கி, இரண்டு இட உள்தள்ளலை நான்காக்கியிருந்தது. அடுத்தவர் சேமித்தபோது அவருடைய ஒழுங்காக்கி எல்லாவற்றையும் திருப்பி மாற்றியது. உண்மையான திருத்தம் எது என்று கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் போயிற்று. எந்த மொழிக்கு எந்த ஒழுங்காக்கி என்பதை ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் முடிவு செய்வதை விட்டுவிட்டு, திட்டத்தின் கோப்புறைக்குள்ளேயே எடிற்றர் அமைப்புக் கோப்பையும் ஒழுங்காக்கியின் விதிக் கோப்பையும் வைத்து, அவற்றையும் கிற்றில் சேர்த்துவிட்டால் ஐவருக்கும் ஒரே விதி அமையும்.

இதனோடு ஒட்டிய ஒரு சிக்கலை எங்கள் பகுதியில் அடிக்கடி காண்கிறேன். மின்தடைக்குப் பயந்து பலர் தானாகச் சேமிக்கும் வசதியைச் சில நொடி இடைவெளியில் இயங்குமாறு வைத்திருக்கிறார்கள். அது நியாயமான பயம். ஆனால் அந்த இடைவெளிச் சேமிப்பின்போது வி.எஸ். கோட் வேண்டுமென்றே ஒழுங்காக்கியை ஓடவிடுவதில்லை, ஏனெனில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே வரிகள் இடம் மாறினால் எழுதுபவர் தடுமாறுவார். நாமாகக் கன்ட்ரோல், எஸ் அழுத்திச் சேமித்தால்தான் ஒழுங்காக்கம் நடக்கும். இதை அறியாதவர்கள் ஒழுங்காக்கி பழுது என்று நினைத்து இன்னொன்றை நிறுவுகிறார்கள். பிறகு மூன்றாவதையும் நிறுவுகிறார்கள். மல்லாவி மாணவனிடம் மூன்று இருந்ததற்கும் இதுவே காரணம்.

நீட்சியை யார் எழுதியது என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கு நேரும் தவறுக்குத்தான் விலை அதிகம். வி.எஸ். கோட் நீட்சிகளுக்குத் தனிக் காவல் வேலி கிடையாது. நிற வார்ப்பைப் போலத் தோன்றும் நீட்சிக்குள் நிரல் இருந்தால், அந்த நிரல் நம் ஆவணங்களைப் படிக்கவும் இணையத்துக்கு அனுப்பவும் முடியும். நம்பிக்கையான ஒருவர் எழுதிய மென்பொருளும் கைமாறக்கூடும். 2018 நவம்பரில் தெரியவந்த ‘இவென்ட் ஸ்ட்ரீம்’ சம்பவத்தில், பலரும் பயன்படுத்திய ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) பராமரிக்க நேரமில்லாத அதன் ஆசிரியர், உதவ முன்வந்த அந்நியர் ஒருவரிடம் அதைக் கையளித்தார்; அவர் பிட்கொயின் பணப்பைகளைத் திருடும் நிரலை அதன் வழியே நுழைத்தார். எடிற்றர் நீட்சிகளும் இப்படிப்பட்ட நூலகங்களின் மேல்தான் கட்டப்படுகின்றன.

எங்களிடம் இந்த ஆபத்து பென்டிரைவ் வடிவிலும் வருகிறது. இணையச் செலவைக் குறைக்க, ஒருவர் இறக்கிய நீட்சிக் கோப்பைப் பத்துப் பேர் பகிர்ந்து நிறுவுகிறார்கள். பகிர்வதில் பிழையில்லை; நானே வகுப்பில் செய்கிறேன். அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாமல் இருப்பதே பிழை. மைக்ரோசொஃப்ட்டின் சந்தையிலிருந்தோ, எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் வி.எஸ்.எக்ஸ். தளத்திலிருந்தோ ஒருவர் பொறுப்பாக இறக்கி, வெளியிட்டவரின் பெயர், மூல நிரல் இருக்குமிடம், கடைசியாகப் புதுப்பித்த நாள் ஆகியவற்றைப் பார்த்து, அவற்றை ஓர் உரைக் கோப்பில் குறித்து அதே பென்டிரைவில் வைத்தால் போதுமானது. அதேபோல, புதிய கோப்புறையைத் திறக்கும்போது அதை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று எடிற்றர் கேட்கும் கேள்வியை 2021இல் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: ஒரு கோப்புறைக்குள் நிரலோடு சேர்ந்து, நம் கணினியில் ஓடக்கூடிய கட்டளைகளும் இருக்கலாம். இறக்கிய திட்டத்தைப் படித்துப் பார்க்க மட்டும் விரும்பினால் நம்பவில்லை என்றே அழுத்துங்கள். கோப்புகளைப் படிக்க அது தடையாக இருக்காது.

எடிற்றரின் தோற்றத்தை நீட்சிகளுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு அப்பால் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுவப்பட்ட கோப்புகளையே திருத்திப் பின்னணிப் படமும் ஒளிரும் எழுத்தும் தரும் நீட்சிகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டால், நிறுவல் பழுதடைந்துள்ளதாக எடிற்றரே எச்சரிக்கும். அடுத்த புதுப்பித்தலில் மாற்றமெல்லாம் அழிந்துவிடும். நிறங்களை அமைப்புக் கோப்பிலேயே மாற்றலாம்.

எடிற்றரை நமக்கேற்ப இயக்கும் சிறு நிரல்களான ஸ்கிரிப்டுகளைச் சொந்தமாக எழுதத் தொடங்குபவர்களின் தவறுகள் வேறு வகையானவை. உரை மாறும் நிகழ்வு ஒவ்வொரு விசைத் தட்டுக்கும் எழும். அதில் கோப்பு முழுவதையும் அலசும் சார்பை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) நேரடியாகப் பொருத்தினால், ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் அது ஐம்பது முறை ஓடும். கடைசித் தட்டுக்குப் பின் 300 மில்லிசெக்கன் அமைதி நிலவினால் மட்டும் ஓடுமாறு ஒரு தாமதிப்பானை இடையில் வைக்க வேண்டும். கோப்பைக் காத்திருந்து படிக்கும் வகைச் சார்புகளைப் பயன்படுத்தினால், பொதுச் செயல்முறையில் இருக்கும் மற்ற நீட்சிகளும் சேர்ந்தே நின்றுவிடும்.

விம் என்ற இன்னோர் எடிற்றரில் இதே குற்றம் மறைந்து நடக்கும். சேமிக்கும்போது ஒரு கட்டளை ஓடட்டும் என்று அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு, அந்தக் கோப்பை மீண்டும் மீண்டும் ஏற்றிச் சோதித்தால், விம் பழையதை நீக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைச் சேர்க்கும். பத்துமுறை ஏற்றியவரின் எடிற்றர் ஒரு சேமிப்புக்குப் பத்துமுறை அந்தக் கட்டளையை ஓட்டும். அவரோ விம் மெதுவாகிவிட்டது என்பார். கட்டளைகளை ஒரு பெயரிட்ட குழுவுக்குள் வைத்து, குழுவின் முதல் வரியில் பழையவற்றை அழிக்கச் சொன்னால் தீர்ந்தது. விசைகளை மாற்றும்போதும் ‘மேப்’ கட்டளையைத் தவிர்த்து ‘நோரீமேப்’ வகையையே பயன்படுத்த வேண்டும். எக்ஸுக்கு ஒய், ஒய்க்கு எக்ஸ் என்று ‘மேப்’ மூலம் எழுதினால் ஒன்று மற்றதை அழைத்துக்கொண்டே போய் விம் பிழை காட்டி நிற்கும். எமேக்ஸ் என்ற எடிற்றரில், ஒரு நிகழ்வின்போது ஓட வேண்டியவற்றை மாட்டும் கொக்கியில் பெயரற்ற சார்பை மாட்டிவிட்டுப் பிறகு அதைத் திருத்தி மீண்டும் ஏற்றினால் பழையதும் புதியதும் இரண்டுமே ஓடும். பெயரிட்ட சார்பை மாட்டினால் இச்சிக்கல் எழாது.

கோப்பின் பெயரை அப்படியே கட்டளை வரியோடு ஒட்டுவதும் பரவலான பிழை. ‘மாங்குளம் மழை’ என்ற கோப்புறையில் உள்ள நிரலை ஓட்டச் சொன்னால், இடைவெளியின் காரணமாக அது இரண்டு பெயர்களாகப் பிரிந்து, கோப்பு இல்லை என்ற பதில் வரும். பெயரைக் கட்டளையிலிருந்து பிரித்துத் தனி உறுப்பாக அனுப்பும் சார்பைப் பயன்படுத்தினால் இப்பிழை நீங்குவதோடு, பெயருக்குள் ஒளிந்துவரும் கட்டளைகளும் ஓடா.

தமிழில் எழுதுபவர்கள் ஸ்கிரிப்டில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ‘வன்னி’ என்ற சொல்லைக் கண்ணால் எண்ணினால் மூன்று எழுத்துகள்: வ, ன், னி. ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும், ஏனெனில் புள்ளியும் இகரக் குறியும், எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் முறையில் தனித்தனிக் குறிகள். விம்மின் நீளச் சார்பைக் கேட்டால் 15 என்று வரும். அது பைட்டுகளை எண்ணுகிறது, ஒவ்வொரு தமிழ்க் குறியும், யூனிகோடைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் 3 பைட் எடுக்கிறது. எழுத்து எண்ணும் ஸ்கிரிப்டையோ, கேர்சருக்கு இடப்பக்கம் உள்ளதை வெட்டும் ஸ்கிரிப்டையோ ஆங்கிலச் சொல்லில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிட்டால், தமிழ்க் குறிப்புரையில் அது ‘னி’யைப் பிளந்து ‘ன’வை மட்டும் விட்டுவைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டில் செக்மென்டர்’ என்ற கருவி கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் அமையாதவை என்பதால், இடைவெளிகளைக் கொண்டு நிரைகளை நேராக்கும் ஸ்கிரிப்டுகளைத் தமிழ் உரைக்குப் பயன்படுத்தாமல் விடுவதே நல்லது.

இத்தனைக்குப் பிறகும் ஏதோ ஒரு நீட்சி எடிற்றரைக் குழப்பினால், ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ‘ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ என்ற கட்டளை நீட்சிகளில் பாதியை நிறுத்திவிட்டு, பிரச்சினை இருக்கிறதா என்று கேட்கும். பதிலைப் பொறுத்து மீதியை மறுபடி பாதியாக்கும். 43 நீட்சிகள் இருந்தாலும் ஏறக்குறைய ஆறு கேள்விகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

கடைசியாக, அமைப்புக் கோப்புகளைக் கிற்றில் வைத்துக் காப்பது மிக நல்ல பழக்கம். கணினி பழுதானாலும் அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். ஆனால் சில நீட்சிகள், இணையச் சேவை ஒன்றைப் பயன்படுத்தக் கடவுச்சொல் போல வேண்டிய இரகசியச் சாவியை அந்த அமைப்புக் கோப்பிலேயே எழுதச் சொல்கின்றன. அதைக் கவனியாமல், நிரல்களைப் பகிரும் கிற்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டால், பிறகு வரியை அழிப்பதால் பயனில்லை. பழைய பதிப்புகளில் சாவி அப்படியே இருக்கும். அப்படி நேர்ந்துவிட்டால், சாவியை வழங்கிய தளத்துக்குச் சென்று முதலில் அதைச் செல்லாததாக்கி, புதிய சாவியை எடுத்து, அதை அமைப்புக் கோப்புக்கு வெளியே, இயங்குதளத்தில் சூழல் மாறியாக வைத்த பிறகு கோப்பைத் திருத்துங்கள்.