புனைமொழியில் ஆளைக் கூப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

கதைக்காக ஒரு மொழியை உருவாக்குகிறவர்கள் வேற்றுமை, காலம், பன்மை எல்லாவற்றுக்கும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பட்டப்பெயர் என்று வந்தால் மட்டும், அரசர், தளபதி என்று நாலு சொல்லைப் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். முன்னால்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியில் பதவி பெயருக்குப் பின்னால் வரும். மேலதிகாரிக்கான மரியாதையோ வினையில் ஏறும், ‘நெஷ்’ என்ற விகுதியாக. ‘வா’வை ‘வாங்க’ ஆக்குகிற நமக்கு இது புரியாததா?

அடுத்தது, ஆளைப் பற்றிப் பேசுவதையும் ஆளிடம் பேசுவதையும் ஒன்றாக்குவது. ஜப்பானியர் பிறர் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்ப்பார், தன் பெயரோடு சேர்க்க மாட்டார். அண்ணனை உறவுமுறை சொல்லி அழைப்பார், தம்பியைப் பெயர் சொல்லி. உங்கள் தளபதி ‘நான் தளபதியார் வந்திருக்கிறேன்’ என்கிறாரா? அப்படியானால் அவர் கோமாளி, அல்லது இலக்கணத்தில் ஓட்டை.

நான் வசமாக மாட்டிக்கொண்டது விளியில், அதாவது ஆளைக் கூப்பிடும்போது பெயர் எடுக்கும் வடிவத்தில். என் மொழியில் ‘கோரன்’ என்றால் வீரன். அழைப்பதற்கு ‘ஏ’ சேர்த்து ‘கோரனே’ என்று வைத்தேன். பன்மைக்கும் அதே ‘ஏ’ என்பது மறந்தே போனது. போர்க்களக் காட்சியில் ‘கோரனே, நில்!’ என்று ஒருவர் கத்த, நிற்க வேண்டியது ஒருவனா, படை முழுவதுமா என்று எனக்கே தெரியவில்லை.

சரி, என்று தொல்காப்பியத்தின் விளிமரபைத் திறந்தேன். தம்பி ‘தம்பீ’ ஆகும், நங்கை ‘நங்காய்’ ஆகும், கூத்தர் ‘கூத்தீர்’ ஆவார். ஈறு எதுவோ அதற்கேற்ற மாற்றம். உயிரெழுத்தில் முடியும் பெயர் என்றால், பக்கத்தில் இருப்பவரை அழைக்க அது அப்படியே போதும். தூரத்தில் இருந்தால் ஓசை அளவு மீறி நீளும். ‘அவன்’, ‘யாவன்’ போன்றவை விளி ஏற்கவே ஏற்காது. எத்தனை அடி தள்ளி நின்று கூப்பிடுகிறோம் என்பதை நான் யோசித்ததே இல்லை.

இதைப் படித்த வேகத்தில் ஏழு அடுக்கு மரியாதை கட்டிவிடாதீர்கள். 1887இல் சாமன்ஹோஃப் உருவாக்கி வெளியிட்ட எஸ்பெராண்டோ மொழி, ‘வி’ என்ற ஒரே சொல்லை நீ, நீங்கள் இரண்டுக்கும் வைத்துக்கொண்டு ஓடுகிறது. கதையில் நாலே பாத்திரம் என்றால் இரண்டு படி போதும்.

அப்புறம், நான் பன்மையைத்தான் மாற்றினேன். ‘கோரனே’ காதுக்குப் பழகிவிட்டது.