ரவுண்டானாவில் யார் முதலில் போக வேண்டும், யார் நிற்க வேண்டும்?

எட்டு போட்டுக் காட்டித்தான் நம்மில் பெரும்பாலானவர்கள் லைசென்ஸ் வாங்கியிருக்கிறோம். கால் ஊன்றாமல் எட்டு போடத் தெரிந்தால் போதும், கையெழுத்து போட்டு அனுப்பிவிடுவார்கள். ரவுண்டானாவுக்குள் எப்படி நுழைவது, யாருக்காக நிற்பது, எந்த இடத்தில் இன்டிகேட்டர் போடுவது என்றெல்லாம் எனக்கு டிரைவிங் ஸ்கூலில் யாரும் சொல்லித் தரவில்லை, டெஸ்ட் நடந்த மைதானத்திலும் யாரும் கேட்கவில்லை. கோவையில் சுங்கம் ரவுண்டானா வழியாகப் பல வருடம் வேலைக்குப் போய்வந்துதான் இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டேன். இப்போது லாலி ரோடு மாதிரி சிக்னல் இருந்த சந்திப்புகளில்கூட ரவுண்டானா வந்துவிட்டதால், இதைத் தெரிந்துகொள்ளாமல் ஊருக்குள் வண்டி ஓட்டுவது ஆபத்து.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். வட்டத்துக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, உள்ளே நுழைய வருபவர் அதற்கு வழிவிட வேண்டும். நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், ரவுண்டானாவைக் கடிகார முள் போகிற திசையில் சுற்றுகிறோம், ஆகவே உள்ளே இருக்கும் வண்டி எப்போதும் நமக்கு வலது பக்கத்திலிருந்துதான் வரும். வலது பக்கம் பாருங்கள், அங்கிருந்து வண்டி வந்தால் அது கடக்கும்வரை நில்லுங்கள், இடைவெளி கிடைத்ததும் தயங்காமல் நுழையுங்கள். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் வட்டத்துக்குள் இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை தருகின்றன. அதற்கு முன்பிருந்த 1989-ஆம் வருட சாலை விதிகளிலேயே, போக்குவரத்தை யாரும் கட்டுப்படுத்தாத சந்திப்பில் வலது பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று இருந்தது, மெயின் ரோடு என்று அறிவிக்கப்பட்ட சாலைக்கு மட்டும்தான் விலக்கு. "நான் மெயின் ரோட்டில் வருகிறேன், நீ சந்திலிருந்து வருகிறாய்" என்ற பேச்சு ரவுண்டானாவில் செல்லாது. வட்டத்துக்குள் யார் இருக்கிறார் என்பது மட்டும்தான் கணக்கு. பெரிய வண்டியா சின்ன வண்டியா, யார் ஹாரன் சத்தமாக அடித்தார் என்பதற்கெல்லாம் இதில் இடமில்லை. போலீஸ்காரர் நின்று கை காட்டினால் மட்டும் அவர் சொல்வதுதான் விதி.

ஏன் உள்ளே இருப்பவருக்கு உரிமை, ஏன் வருகிறவருக்கு இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் விதி மறக்கவே மறக்காது. வருகிறவருக்கு உரிமை கொடுத்தால் நாலு பக்கமிருந்தும் வண்டிகள் உள்ளே புகுந்து வட்டம் நிரம்பிவிடும், உள்ளே இருப்பவர் தன் சாலைக்கு வெளியேற முடியாமல் நிற்பார், அவர் நிற்பதால் அவருக்குப் பின்னால் இருப்பவரும் நிற்பார், வட்டம் என்பதால் அந்த வரிசை சுற்றி வந்து முதல் ஆளின் வழியையே அடைத்துவிடும். சாயங்காலம் ஆறரை மணிக்கு நம் ஊர் ரவுண்டானாக்களில் யாரும் எந்தப் பக்கமும் நகர முடியாமல் பத்து நிமிடம் நிற்கிறோமே, அது இப்படி உண்டாவதுதான். பிரிட்டனிலும் ஒரு காலத்தில் இதே பூட்டு விழுந்துகொண்டிருந்தது. 1966-ல் அங்கே 'வலது பக்கமிருந்து வருபவருக்கு வழிவிடு' என்பதை விதியாக்கிய பிறகுதான் ரவுண்டானா ஒழுங்காக ஓட ஆரம்பித்து, பல நாடுகளுக்கும் பரவியது. உள்ளே இருப்பவர் வெளியேறிக்கொண்டே இருந்தால்தான் வெளியே நிற்பவருக்கு இடம் கிடைக்கும். வழிவிடுவது பெருந்தன்மைக்காக இல்லை, நாம் சீக்கிரம் போவதற்கும் அதுதான் வழி.

சரி, இப்போது ஓட்டும் முறை.

தூரத்தில் சிவப்பு முக்கோணத்துக்குள் மூன்று அம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுவது போன்ற பலகை தெரிந்தால் முன்னால் ரவுண்டானா இருக்கிறது. தலைகீழ் முக்கோணம் தெரிந்தால் அந்த இடத்தில் நீங்கள் வழிவிட வேண்டும். பல இடங்களில் இந்தப் பலகைகளே இருக்காது, இருந்தாலும் பேனருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அதனால் வட்டம் கண்ணில் பட்டாலே பலகை இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் கட்டைகளையோ தடுப்புகளையோ நடுவில் வைத்து உண்டாக்கிய தற்காலிக வட்டத்துக்கும் இதே விதிதான்.

ஐம்பது அறுபது மீட்டருக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். கடைசி நேரத்தில் பிரேக் அடித்து நிற்பவரைப் பார்த்தால் உள்ளே வருகிறவருக்கு இவர் நிற்பாரா மாட்டாரா என்று தெரியாது, பயத்தில் அவரும் நின்றுவிடுவார், அதோடு ஓட்டம் போச்சு. நீங்கள் நிற்கப்போகிறீர்கள் என்பது உங்கள் வேகத்திலிருந்தே அவருக்குத் தெரிய வேண்டும்.

நுழைவதற்கு முன்பே எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று முடிவு செய்து அதற்கான லேனுக்கு வந்துவிட வேண்டும். இரண்டு லேன் இருக்கும் ரவுண்டானாவில், இடது பக்கம் திரும்புகிறவர் இடது லேன். வலது பக்கம் போகிறவரும் யூ-டர்ன் எடுக்கிறவரும் வலது லேனில், அதாவது நடுத்திட்டை ஒட்டி. நேராகப் போகிறவருக்கு, சாலையில் அம்பு வேறு மாதிரி காட்டாவிட்டால், இடது லேனே நல்லது. இடது பக்கம் திரும்புவதால் யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறவர்கள் நிறைய, அது தவறு. ஃப்ரீ லெஃப்ட்டுக்கென்று தனிப் பாதை பிரித்திருந்தால் தவிர, இடது திரும்புகிறவரும் வட்டத்துக்குள் நுழைந்துதான் வெளியேறுகிறார், அவரும் வலது பக்கம் பார்த்து வழிவிட்டே ஆக வேண்டும்.

வலது பக்கம் பார்க்கும்போது தலையை மட்டும் திருப்பினால் போதாது, இதைக் கார் ஓட்டுகிறவர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். நம் கார்களில் ஸ்டீயரிங் வலது பக்கம், முன்கண்ணாடிக்கும் வலது கதவுக்கும் நடுவில் இருக்கும் தூண் கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது, ஒரு பைக்கையும் அதில் இருக்கிற இரண்டு பேரையும் அது அப்படியே மறைத்துவிடும். உங்கள் கார் மெதுவாக நகரும்போது அந்த பைக்கும் அதே கோணத்தில் நகர்ந்தால் கடைசி நொடிவரை அது தெரியவே தெரியாது. உடம்பை ஒருமுறை முன்னால் சாய்த்துப் பின்னால் கொண்டுவந்து பாருங்கள், தூணுக்குப் பின்னால் இருப்பது வெளியே வந்துவிடும்.

உள்ளே போன பிறகு நிற்காதீர்கள். யாரோ பாவம் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார் என்று நல்ல மனதோடு வட்டத்துக்குள் நின்று கை காட்டி அவரை உள்ளே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்க்க மாட்டார், இடித்துவிடுவார். உங்களுக்கு உரிமை இருக்கும் இடத்தில் நிதானமாக, ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அதற்காக, தவறாக நுழைந்தவர் மேல் வண்டியை விட வேண்டாம். உரிமை உங்களுடையதாக இருந்தாலும் அந்த நொடியில் பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும்.

இன்டிகேட்டரில் ஒன்றை மட்டும் உயிர் போனாலும் விடாதீர்கள்: நீங்கள் வெளியேறும் சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டியதும் இடது இன்டிகேட்டர். அது எரிந்தால்தான் அடுத்த வாயிலில் நிற்பவருக்கு நீங்கள் தன்னைத் தாண்டிப் போகப்போவதில்லை என்று தெரியும், அவர் வீணாகக் காத்திருக்காமல் கிளம்புவார். பிரிட்டன், சிங்கப்பூர் மாதிரி இடங்களில் வலது பக்கம் போகிறவர் நுழையும்போதே வலது இன்டிகேட்டரும் போடுவார்கள். நம் ஊரில் நேராகப் போவதற்கு நாலு இன்டிகேட்டரையும் சேர்த்துப் போடும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது, அதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் இடது பக்கத்தில் இருப்பவருக்கு இடது விளக்கு மட்டும்தான் தெரியும், நீங்கள் இடது திரும்புவதாக நினைப்பார். வலது பக்கத்தில் இருப்பவர் வலது திரும்புவதாக நினைப்பார். நாலும் எரிவது நின்றுபோன வண்டிக்கான அடையாளம்.

ஹெட்லைட்டை டிம்-டிப் அடிப்பதிலும் இதே குழப்பம். நம் ஊரில் லைட் அடித்தால் 'நான் வருகிறேன், நில்' என்று பொருள், சில நாடுகளில் 'நீ போ' என்று பொருள், வெளியில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்டி, வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றி, இடது பக்கம் பார்த்துப் பழகியிருப்பீர்கள். துபாயிலோ ஷார்ஜாவிலோ வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தால் முதல் வாரம் கழுத்து தானாக இடது பக்கமே திரும்பும். அந்த ஒரு வாரம் ரவுண்டானா முன்னால் முழுசாக நிறுத்தி, வலது பக்கம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வலது லேனில் நடுத்திட்டை ஒட்டிச் சுற்றியவர் தன் சாலை வந்ததும் ஒரே வெட்டாக வெட்டி வெளியேறுவது, நான் பார்த்தவரையில் ரவுண்டானாவில் அதிகமாக உரசல் நடக்கும் இடம். இடது பக்கத்தில் யாரோ நேராகப் போய்க்கொண்டிருப்பார். முந்தைய வாயிலைத் தாண்டியதும் இன்டிகேட்டர் போட்டு, இடது கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்து, இடம் இருந்தால் வெளியேறுங்கள். இடம் இல்லையென்றால் இன்னொரு சுற்று சுற்றி வாருங்கள். ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் ஆகுமா? இந்த வசதி சிக்னலில் கிடையாது, ரவுண்டானாவில் மட்டும்தான் உண்டு, வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

இதைவிட மோசம், வலது பக்கம் இருக்கும் சாலைக்குப் போக முழு வட்டத்தையும் ஏன் சுற்ற வேண்டும் என்று நுழைந்த இடத்திலேயே வலது பக்கம் திரும்பி எதிர்த்திசையில் போவது. "இருபது மீட்டர்தானே" என்பார்கள். அந்த இருபது மீட்டரில் உங்களை யாருமே எதிர்பார்க்கவில்லை. சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று சேரும், பிரியும், வெட்டும் இடங்கள் 32 என்றும், ஒரு லேன் ரவுண்டானாவில் அவை வெறும் 8 என்றும் சாலைப் பொறியாளர்கள் கணக்குச் சொல்வார்கள். எல்லோரும் ஒரே திசையில் மெதுவாகச் சுற்றுவதால் இங்கே நேருக்கு நேர் மோதலே இருக்கக் கூடாது, இடித்தாலும் பக்கவாட்டில் உரசும், அவ்வளவுதான். ராங் சைடில் வருகிற ஒரே ஒரு பைக் அந்தப் பாதுகாப்பு முழுவதையும் அழித்துவிடுகிறது.

இரு சக்கர வண்டிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பஸ்ஸோ லாரியோ திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, திரும்பும் பக்கத்தை நோக்கி உள்ளே வெட்டிக்கொண்டு போகும். ரவுண்டானாவில் நுழையும்போதும் வெளியேறும்போதும் வண்டி இடது பக்கம் திரும்புகிறது, அதனால் பின்சக்கரம் இடது ஓரத்தை நோக்கி வரும். நடுவில் சுற்றும்போது வலது பக்கம் திரும்புகிறது, அதனால் நடுத்திட்டை நோக்கிப் போகும். ஆகவே பெரிய வண்டியின் எந்தப் பக்கத்திலும் உங்களுக்கு இடமில்லை. இப்போது தெரிகிற இரண்டடி இடைவெளி நாலு வினாடியில் இல்லாமல் போகும். என் தங்கையின் ஸ்கூட்டர் சில வருடங்களுக்கு முன்னால் ரவுண்டானா வாயிலில் ஒரு பஸ்ஸுக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவில் இப்படித்தான் மாட்டியது. பஸ் வேகமாகக்கூட வரவில்லை, ஓட்டுநருக்குக் கண்ணாடியில் அவள் தெரியவே இல்லை. கணுக்காலில் பிளேட் வைத்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தாள், இப்போதும் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். பெரிய வண்டி நுழைகிறதா, அதன் பின்னால் நில்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லை என்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது. பைக்கில் சுற்றும்போது லேனின் நடுவில் வாருங்கள், ஓரத்தை ஒட்டிப் போனால் பின்னால் இருப்பவருக்கு உங்களை முந்தலாம் என்று தோன்றும்.

வெளியேறும் வாயில்தான் நடந்துபோகிறவர்கள் குறுக்கே வரும் இடம். வட்டத்திலிருந்து விடுபட்டதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கத் தோன்றும், அதே நேரம் கையில் பையோடு ஒரு பாட்டி ஜீப்ரா கோட்டில் காலை வைத்திருப்பார். கோட்டைத் தாண்டும்வரை வேகம் கூட்டாதீர்கள். அதே வாயிலில் ஆட்டோவை நிறுத்தி ஆள் ஏற்றுவதும் வட்டத்தையே அடைக்கிற வேலை. ஆள் ஏற்ற வேண்டும் என்றால் நன்றாகத் தள்ளிப் போய் நிறுத்துங்கள், ஏறுகிறவர்களும் நாலு அடி நடந்துபோய் ஏறுங்கள்.

ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் அவர்களே அதன் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே இருந்தால் அருகில் இருக்கும் வாயிலில் வெளியேறி இடது ஓரம் ஒதுங்குங்கள், அது உங்கள் சாலையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்னும் நுழையவில்லை என்றால் வெளியிலேயே நில்லுங்கள். வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அருகில் இருக்கும் ரவுண்டானாவுக்குக் கூட்டிப்போங்கள். முதலில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடைபாதையில் நின்று பத்து நிமிடம் வேடிக்கை பாருங்கள், யார் நின்றிருக்க வேண்டும், யார் நிற்கவில்லை என்று அவர்களே சொல்லட்டும். அப்புறம் வண்டியை எடுத்து நாலு வாயில் வழியாகவும் ஒருமுறை நுழைந்து, ஒவ்வொரு தடவையும் வேறு வாயிலில் வெளியேறச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "இப்போது யாருக்கு உரிமை?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வாருங்கள்.