உவரு மண்ணுல உகா வளக்குறது எப்படி

நம்ம ராமநாதபுரம் கடலோரத்துல பெய்யுற மழையில பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலயே கொட்டிட்டு போயிரும், அப்பறம் மாசக்கணக்குல வானத்த பாத்துட்டு இருக்கணும், கிணத்துத் தண்ணியும் பல இடத்துல உவருதான். இந்த மண்ணுல வேலியோரம் என்ன வைக்கலாம்னு யாரு கேட்டாலும் நான் மொதல்ல சொல்றது உகா. பல்லு வெளக்க மிஸ்வாக் குச்சின்னு பள்ளிவாசல் பக்கம் விக்கிறாங்களே, அதே செடிதான். ராஜஸ்தான், குஜராத் வறண்ட காட்டுல, அரேபியாவுல, ஆப்பிரிக்காவுல எல்லாம் தானா வளருது, நம்ம கரையோரக் காட்டுலயும் உண்டு.

பங்குனி, சித்திரை வாக்குல பழம் இருக்கான்னு பாருங்க, மிளகு விட கொஞ்சம் பெருசா சிவப்பா ஊதாவா கொத்துக்கொத்தா தொங்கும். தேவையானத மட்டும் பறிங்க, மிச்சம் மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும். சதைய நல்லா பெசஞ்சு கழுவிருங்க, அது ஒட்டியிருந்தா முளைப்பு தட்டிப்போகும். வெதைய ரொம்ப நாள் வச்சிருக்காம உடனே நீளமான கவர்ல மணலும் மக்குன எருவும் கலந்து போட்டு லேசா மூடுங்க. முளைக்கிற சமயம் நல்ல தண்ணிதான் ஊத்தணும், வளந்த உகாதான் உப்பு தாங்கும், குட்டிச்செடிக்கு அந்த தெம்பு கெடையாது.

ஐப்பசி மொத மழைக்கு நடுறதுக்கு கன்னு சரியா இருக்கும். ஒன்றரை அடி குழி போதும், கன்னுக்கு கன்னு 12 அடியாவது விடுங்க, கெளை தாழ்ந்து பரந்து நிக்கும்.

எரு விஷயத்துல கொஞ்சம் கவனமா இருங்க. நம்ம பக்கம் ஆடுக சீமைக்கருவேலங்காய தின்னுட்டு வர்றதால புழுக்கையில அந்த வெதை முழுசா கெடக்கும், பச்சையா கொண்டாந்து குழியில போட்டா உகா வைக்கப்போன எடத்துல கருவேலந்தான் முளைச்சு நிக்கும், அதனால நல்லா மக்கவிட்டுத்தான் போடணும். வேலிக்கு கருவேல முள்ளு வெட்டி வைக்கிறதும் அப்படித்தான், காயில்லாத கெளையா பாத்து வெட்டுங்க. வேலி கண்டிப்பா வேணும், உகா எலைன்னா ஆடு விடாது.

மொத ரெண்டு கோடைக்கு மட்டும் தண்ணி காட்டுங்க. அடியில ஓட்டை போட்டு திரி மாட்டுன மண்பானைய செடி பக்கத்துல புதைச்சு நெரப்பி வச்சா ஆவியாகாம வேருக்கே போகும். வளர்ச்சி மெதுவாத்தான் இருக்கும், பொறுமையா இருங்க, வேரு எறங்கிருச்சுன்னா அப்பறம் நீங்க தேவையில்ல.

அழகுக்குன்னு கத்தரிச்சு விடாதீங்க, தயவுசெஞ்சு. பூ பொடிசா பச்சையா இருக்கும், நம்ம கண்ணுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி தெரியும், தேனீயும் ஈயும் குளவியும் அதத்தான் தேடி வரும். தாழ்ந்த கெளைக்கு அடியில கௌதாரியும் ஓணானும் ஒதுங்கும். எலையில பச்சைப்புழு பாத்தா மருந்தடிக்க ஓடாதீங்க, கருப்பு ஓரம் வச்ச, ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு நிற வண்ணத்துப்பூச்சி ஒண்ணு இந்த எலையிலயும் சங்கஞ்செடியிலயும்தான் முட்டை வைக்கும், புழு தின்ன எலை திரும்ப துளிர்த்துரும்.

பல்லு வெளக்க குச்சி வேணும்னா விரல் தடிமனுக்கு ஓரத்துக் கெளையில ஒடிச்சுக்கோங்க. வேர தோண்டி எடுக்குறது மட்டும் வேண்டாம்.