சோளகக் காற்றும் சிபியு பெட்டியும்: நாங்கள் விடுகிற பிழைகள்

வன்னியில் சோளகம் என்கிற தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், கிரவல் வீதியால் ஒரு ட்ரக்டர் போனாலே போதும், வீட்டுக்குள் செம்மண் புழுதிதான். நாய், பூனையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். வெறும் புழுதி தட்டினால் போய்விடும். மயிரோடு சேர்ந்தால் கம்பளி மாதிரிப் பின்னிக்கொள்ளும். கணினிப் பெட்டிக்குள், புரோசசருக்கு மேலே இருந்து அதன் சூட்டை இழுக்கிற ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் விசிறிக்கும் நடுவில்தான் அது போய் அடையும். விசிறி கத்தும், சூடு இறங்காது, புரோசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "வைரஸ் வந்திட்டுது" என்று விண்டோஸை மாற்றிப் போடுகிறவர்கள் முதலில் பக்க மூடியைக் கழற்றிப் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்துப் பெரிய பிழை ரயர் கடைக் கொம்பிரசர். நானும் செய்தேன். பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் காற்றடித்தேன். விசிறி சுழன்ற வேகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. அடுத்த நாள் முதல் கரகரவென்று சத்தம். அந்த வேகத்துக்கு விசிறியின் பெயரிங் தாங்காது. அதோடு கொம்பிரசர் தாங்கியின் அடியில் தண்ணீர் தேங்கும். அதுவும் காற்றோடு சேர்ந்து மதர்போர்டில் தெறிக்கும். கையில் பிடிக்கிற சின்ன புளோவரே போதும். அப்போதும் விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும், வேண்டாம்.

சூட்டுக்குப் பயந்து மூடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைப்பது அடுத்தது. முன்னால் இழுத்துப் பின்னால் தள்ளுகிற காற்றோட்டம் அதோடு குழம்பிவிடும், புழுதிக்கும் பல்லிக்கும் வழி திறந்தாயிற்று. எங்கள் பூனைக்கோ அது வெதுவெதுப்பான படுக்கை.

நிலத்திலும் வைக்காதீர்கள். மயிர் உருண்டு திரிவது அங்கேதான். ஒரு ஸ்டூல் உயரம் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். துணி உறை போடுவது நல்லதுதான், ஆனால் கணினி ஓடும்போது எடுத்துவிட வேண்டும்.

துப்புரவாக்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அமத்திப் பிடியுங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிற்றரில் மின்சாரம் நிற்கும். வெளியிலிருந்து பிரஷ் போட்டால் சரி.

சோளக மாதங்களில் முன்பக்க வலையை மாதம் ஒருமுறை துடைக்கிறேன், உள்ளே மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதுவும் விடியற்காலையில், காற்று எழும்ப முன், முற்றம் கூட்டவும் முன்.