எடையையும் கொலஸ்ட்ராலையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி

"நான் ஒல்லிதானே, எனக்கு எங்கே கொலஸ்ட்ரால்?" கோவிலில் இலை போட்டு உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். என் அண்ணனும் சொல்லிக்கொண்டிருந்தார், 52 வயதில் நெஞ்சுவலி வரும்வரை. அப்போது அவர் எடை 58 கிலோ.

எடையும் கொலஸ்ட்ராலும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை. இதற்கு நம் மொரிஷியஸே சாட்சி. பெரும்பாலும் பாமாயிலாக இருந்த ரேஷன் எண்ணெயை அரசாங்கம் சோயா எண்ணெயாக மாற்றியது, 1987க்கும் 1992க்கும் நடுவில் மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5லிருந்து 4.7 மில்லிமோலுக்கு (நம் ரிப்போர்ட்டில் வரும் அளவு இதுதான், கீழே வரும் எண்களும் இதில்தான்) இறங்கியது, ஆனால் அதே ஐந்து வருடத்தில் உடல் பருத்தவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்தது.

அதனால் எடை மெஷினை விட்டுவிட்டு முதலில் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். நம்மைப் போன்ற தெற்காசிய வம்சாவளிக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கைகால் ஒல்லியாக இருந்தாலும் கவனிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் தொப்பைக்குள் இருக்கும் கொழுப்பு நேராக ஈரலுக்குப் போகிறது, ஈரல் அதை ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது, அது ஏற ஏற நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் இறங்குகிறது.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. மொத்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ட்ரைகிளிசரைடு 1.7க்கு மேல், ஹெச்டிஎல் ஆணுக்கு 1.0க்குக் கீழ் அல்லது பெண்ணுக்கு 1.2க்குக் கீழ் என்றால், பெரும்பாலும் அது இடுப்பு சொல்லும் கதை. எடையைக் குறைத்தால் நன்றாகக் கேட்கும். 80 கிலோ உள்ளவர் நாலிலிருந்து எட்டு கிலோ குறைத்தாலே ட்ரைகிளிசரைடு கண்ணுக்குத் தெரிய இறங்கும். வெள்ளைச் சோறு, சர்க்கரை போட்ட டீ, கோலா, ரம், இந்த நான்கையும் குறையுங்கள். (சென்னையிலிருக்கும் சொந்தக்காரர் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகிறவர்களுக்கு: அங்கே மில்லிகிராமில் வரும். மொத்தக் கொலஸ்ட்ராலில் நம் 5.2 அங்கே 200.)

கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் வேறு விஷயம். எட்டு கிலோ குறைத்தாலும் அது சராசரியாக 0.2க்குள்தான் இறங்கும். அதை ஆட்டிவைப்பது நெய், வெண்ணெய், பாமாயில், கொழுப்புள்ள இறைச்சி, எல்லாவற்றுக்கும் மேல் பரம்பரை. காத்தோ பிமாவை (நம் ஊர் மிளகாய்ப் பருப்பு வடை) விடச் சொல்லவில்லை, எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் என்று பாருங்கள். பருப்பும் ஓட்ஸும் எல்டிஎல்லைக் கொஞ்சம் இறக்கும். எடையும் எல்டிஎல்லும் சேர்ந்து காரணமில்லாமல் ஏறினால் தைராய்டையும் பரிசோதிக்கக் கேளுங்கள், சுரப்பி மந்தமானால் இரண்டும் ஏறும். எல்டிஎல் 4.9ஐத் தாண்டினால் பரம்பரையாக வந்ததா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மறுபரிசோதனை எப்போது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்து மறுநாளே ரத்தம் கொடுத்துவிட்டு எண் நன்றாக வந்துவிட்டது என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எடை வேகமாக இறங்கும் நாட்களில் ஹெச்டிஎல்லும் கொஞ்சம் குறையும், அது தற்காலிகம்தான், எடை ஒரு இடத்தில் நின்று சில வாரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை அந்த ரிப்போர்ட்டைக் காட்டி டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

அண்ணனுக்கு எல்டிஎல் 5.6 இருந்தது, பரம்பரை வகை. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர், உடனே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். ஒல்லியாக ஓடியாடிக்கொண்டிருக்கும் சின்னவளுக்குத்தான் இருந்தது. 19 வயதிலேயே தெரிந்துவிட்டதால் இப்போதே மருந்து எடுக்கிறாள்.