டீசல் கார் இழுக்கவில்லையா? பம்பை அப்புறம் பாருங்கள்

போன வாரம் செந்தூலில் என் பட்டறைக்கு ஒரு டீசல் கார் வந்தது. கெந்திங் மலை ஏற்றத்தில் இழுக்கவில்லையாம். ஸ்கேனரில் பி0087 என்ற கோளாறு எண், அதாவது ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பங்கிடும் குழாய்) அழுத்தம் குறைவு. இன்ஜெக்டர்தான் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது. வேறு பட்டறையில், ரெயிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்பையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம்.

முதலில் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். அப்புறம் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழ் வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. இந்தக் காரில் ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது, அவ்வளவுதான்! குமிழ் இல்லையா? சரி, இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனிப் போத்தலில் விடுங்கள். எது சீக்கிரம் நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர்தான் அழுத்தத்தைக் கசியவிடும் கள்ளன்.

எஞ்சின் ஓடும்போது ரெயில் குழாய் நட்டைத் தொடாதீர்கள். அழுத்தம் 1,000 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல் ஏறும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.