எவரெஸ்ட்: இந்தப் பெயரை ஆங்கிலத்தில் தப்பில்லாமல் எழுதுவது எப்படி?

ஆங்கிலம் எழுதப் பழகும்போது "எவரெஸ்ட் மலை" என்பதை "தி எவரெஸ்ட் மவுண்டன்" என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஒரே பெயருக்குள் இரண்டு தப்பு. சரி, ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அது ஒரு ஆளின் பெயர்

எவரெஸ்ட் என்ற சொல்லுக்கு உயரம், பனி, சிகரம் என்றெல்லாம் பொருள் தேடினால் கிடைக்காது. அது 1830 முதல் 1843 வரை இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக, அதாவது நில அளவைத் துறையின் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் குடும்பப் பெயர். 1802இல் வில்லியம் லாம்ப்டன் நம் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய முக்கோண அளவையை (நாட்டை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளக்கும் வேலை), அவருக்குப் பின் எடுத்து நடத்தியவர். சிகரத்துக்கு அளவைக்காரர்கள் இந்தப் பெயருக்கு முன் வைத்திருந்தது "பீக் ஃபிஃப்டீன்" என்ற வெறும் எண். அதன் உயரத்தைக் கணக்குப் போட்டவர் அந்த அளவையில் வேலை பார்த்த வங்காளக் கணிதர் ராதாநாத் சிக்தார். பெயர் மட்டும் எவரெஸ்டுக்குப் போனது. எவரெஸ்டுக்கு அடுத்து சர்வேயர் ஜெனரலான ஆண்ட்ரூ வா என்பவர் அந்தப் பெயரை 1856இல் முன்மொழிந்தார். 1865இல் லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி ஏற்றுக்கொண்டது. உள்ளூர்க்காரர்கள் வாயில் இந்தப் பெயர் நுழையாது என்று எவரெஸ்டே ஆட்சேபித்துப் பார்த்தார், நடக்கவில்லை. நேபாளிகளுக்கு அது சாகர்மாதா, திபெத்தியர்களுக்குச் சோமோலுங்மா.

ஆளின் பெயர் என்பதால் முதல் எழுத்து எப்போதும் பெரிய எழுத்து.

படி 2: உச்சரிப்பு

அவர் குடும்பத்தில் "ஈவ்ரிஸ்ட்" என்றுதான் சொன்னார்களாம். இன்று உலகமே "எவரெஸ்ட்" என்கிறது. நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

படி 3: மவுண்ட் முன்னால், "தி" வேண்டாம்

தமிழில் மலை பின்னால் வரும்: எவரெஸ்ட் மலை, இமயமலை. இங்குதான் நமக்குக் கால் வழுக்குகிறது. ஆங்கிலத்தில் "மவுண்ட் எவரெஸ்ட்" என்று எழுதுங்கள். வெறும் "எவரெஸ்ட்" என்றாலும் போதும். பொதுவாக "உயரமான மலை" என்னும்போது மட்டும் "எ ஹை மவுண்டன்". மவுண்ட் என்பதை எம், டி என்ற இரண்டு எழுத்தில் சுருக்கி எழுதுவதுண்டு; வாசிக்கும்போது "எம்டி" என்று வாசித்துவிடாதீர்கள், "மவுண்ட்" என்றே சொல்ல வேண்டும்.

விதிவிலக்கு நம் சென்னையிலேயே இருக்கிறது. பரங்கிமலைக்கு ஆங்கிலத்தில் "செயின்ட் தாமஸ் மவுண்ட்". மவுண்ட் கடைசியில் வருகிறது. மவுண்ட் ரோடு என்று நாம் சொல்வதும் அந்த மலைக்குப் போகும் சாலை என்பதால்தான். தென்னாப்பிரிக்காவின் "டேபிள் மவுண்டன்" இன்னொரு விதம். இவற்றையெல்லாம் பெயர் பெயராக மனதில் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

அப்புறம் "தி". ராமன் என்ற பெயருக்கு முன்னால் "தி" போடுவோமா? எவரெஸ்டுக்கும் அதே கதைதான். ஆனால் மலைத்தொடர் என்றால் "தி" கட்டாயம், பெரும்பாலும் பன்மையும் சேரும்: "தி ஹிமாலயாஸ்", "தி ஆல்ப்ஸ்". ஆல்ப்ஸில் உள்ள "தி மேட்டர்ஹார்ன்", "தி ஐகர்" தனிச் சிகரங்களாக இருந்தும் "தி" வாங்கிக்கொள்கின்றன. ஜெர்மன் மொழியில் அந்தப் பெயர்களுக்கு முன் வரும் சொல்லின் மிச்சம் அது.

படி 4: ஏறினார் என்று எழுதும்போது

"எவரெஸ்டில் ஏறினார்" என்பதில் உள்ள "இல்" நம்மை "ஆன்" போடத் தூண்டும். போடாதீர்கள். "ஷி க்ளைம்ப்ட் எவரெஸ்ட்", அவ்வளவுதான். மலைமேல் நடந்த ஒன்றைச் சொல்லும்போதுதான் "ஆன் எவரெஸ்ட்" வரும்.

படி 5: உவமையாக

"இவன் எங்கள் தெரு சச்சின்" என்கிறோம் இல்லையா, அதே மாதிரி எட்டிப் பிடிக்கவே கடினமான எதையும் ஆங்கிலத்தில் எவரெஸ்ட் ஆக்கலாம். இப்போது, இங்கே மட்டும், "தி" உள்ளே வருகிறது: "திஸ் இஸ் தி எவரெஸ்ட் ஆஃப் எக்ஸாம்ஸ்". தேர்வுகளிலேயே கடினமானது என்று அர்த்தம். சொந்தச் சவாலுக்கு "மை எவரெஸ்ட்". கட்டுரைக்கு ஒரு தடவை போதும், இரண்டாவது தடவை சலிக்கும்.

இனி நோட்டில் நீங்களே மொழிபெயர்த்துப் பாருங்கள்: "எவரெஸ்ட் இமயமலையில் இருக்கிறது. அதன் உயரம் 8,848.86 மீட்டர்."

விடை: "எவரெஸ்ட் இஸ் இன் தி ஹிமாலயாஸ். இட் இஸ் 8,848.86 மீட்டர்ஸ் ஹை."